38 டாலருக்கு ஓர் இரங்கல் கடிதம்

படச் சட்டம் மட்டம். கண்ணாடி சுமார். உள்ளே இருக்கும் கடிதம் அருமை. வாங்கலாமா வேண்டாமா என்று மட்டும் தெரிய வேண்டியவர்களுக்கு இது போதும். மற்றவர்கள் கொஞ்சம் உட்காருங்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் 1864 நவம்பர் 21 அன்று பாஸ்டன் நகரத்தில் வாழ்ந்த லிடியா பிக்ஸ்பி என்ற விதவைத் தாய்க்கு எழுதியதாகச் சொல்லப்படும் இரங்கல் கடிதத்தின் அச்சு நகலைத்தான் நான் வாங்கினேன். நம் வீட்டுப் பூஜை அறையில் மாட்டும் சாமி படத்தின் அளவு இருக்கும். தாளுக்குத் தேநீரில் முக்கி எடுத்தது போன்ற பழுப்பு நிறம் ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பழுப்பு நான்கு மூலைகளிலும் ஒரே மாதிரி இருப்பதால் சாயம் என்று உடனே தெரிந்துவிடுகிறது. பழைய கோப்புகளோடு காலம் தள்ளியவர்களை இப்படி ஏமாற்ற முடியாது; உண்மையான பழுப்பு ஓரத்திலிருந்துதான் உள்ளே வரும், அதுவும் விரல் பட்ட இடத்தில் அதிகமாக இருக்கும்.

மகள் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது மருமகன் எங்களை டாலஸுக்குக் காரில் அழைத்துப் போனார். வேக்கோ ஊரைத் தாண்டும் முன் ஒரு பழம்பொருள் கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் 45 டாலர் என்றார், நான் 30 என்றேன், மருமகன் வெட்கப்பட்டு வாசல் பக்கம் போய்விட்டார். 38க்கு முடிந்தது. சட்டத்தின் பின்புறம் ஒட்டிய சீட்டில் ‘அசலின் உண்மை நகல்’ என்று போட்டிருந்தது. இந்தக் கடிதத்தின் அசலை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அசல் இல்லாத ஒன்றுக்கு உண்மை நகல் என்று எழுதிக் கொடுக்க ஒரு தைரியம் வேண்டும். 1890களிலிருந்தே இப்படிப்பட்ட நகல்கள் அமெரிக்காவில் விற்பனையில் இருக்கின்றன என்பதால் அந்தக் கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இனி கடிதத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. படைவீரர் குடும்பங்களின் நலன் தொடர்பான ஓர் அரசு அலுவலகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரங்கல் கடிதங்களுக்கு வரைவு எழுதுவது என் மேசைக்கு வரும் வேலைகளில் ஒன்று. வரைவு என்னுடையது, சுத்த நகல் தட்டச்சருடையது, கையொப்பம் அதிகாரியுடையது, கண்ணீர் வாங்குகிறவருடையது.

லிங்கன் கடிதத்தின் முதல் வாக்கியத்திலேயே ஒரு நல்ல வரைவாளரின் கை தெரிகிறது. போர்த்துறைக் கோப்பில் மாசசூசெட்ஸ் மாநிலத் தளபதி தந்த அறிக்கையைப் பார்த்தேன், அதன்படி நீங்கள் போர்க்களத்தில் பெருமையோடு உயிர்விட்ட ஐந்து மகன்களின் தாய் என்று தொடங்குகிறது. தகவல் எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லியாகிவிட்டது. பிழை இருந்தால் பழி அந்த அறிக்கைக்குப் போகும். நாங்களும் அப்படித்தான் எழுதுவோம். அடுத்த வரியில்தான் கடிதம் உயர்கிறது. இவ்வளவு பெரிய துயரத்திலிருந்து உங்கள் மனத்தைத் திருப்ப நான் எதைச் சொன்னாலும் அது வலுவற்றது, பயனற்றது என்று உணர்கிறேன் என்கிறார். நாட்டின் தலைவர், ‘என் சொல் உதவாது’ என்று எழுதுகிறார். 31 ஆண்டுகளில் அப்படி ஒரு வரியை எழுதி ஒப்புதலுக்கு வைக்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

ஆனால் இதை லிங்கன்தான் எழுதினாரா? அவருடைய இளம் செயலாளர் ஜான் ஹே எழுதியது என்று நெடுநாளாக ஒரு வழக்கு நடக்கிறது. ஹே தன் எழுத்துகளை ஒட்டி வைத்த ஏட்டில் இந்தக் கடிதம் வந்த செய்தித்தாள் துண்டும் இருக்கிறது. கடிதத்தில் ‘மனத்தைத் திருப்ப’ என்ற இடத்தில் வரும் ‘பிகைல்’ (beguile) என்ற ஆங்கிலச் சொல் ஹேக்குப் பிடித்த சொல்லாம். 2017இல் மொழியியல் ஆய்வாளர்கள் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஹேயின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். எனக்கு ஆய்வே தேவைப்படவில்லை. அந்த ‘அறிக்கையின்படி’யைப் பார்த்தபோதே இது நம் சாதிக்காரர் வேலை என்று தெரிந்துவிட்டது. சாதி என்றால் எழுத்தர் சாதி.

இன்னொரு சங்கதி. அந்தத் தாய்க்கு இறந்தவர்கள் ஐந்து பேர் அல்லர். போரில் மாண்டது உறுதியானவர்கள் இருவர். ஒருவர் சிறைபிடிக்கப்பட்டு, மீண்டு, முறைப்படி விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். ஒருவர் படையை விட்டு ஓடிவிட்டார். மற்றொருவர் எதிரியின் சிறையில் இறந்தாரா, எதிரியோடு சேர்ந்துகொண்டாரா என்பது இன்றுவரை தெளிவில்லை. அவள் லிங்கனை வெறுத்தவள், தென் மாநிலங்களின் பக்கம் சாய்ந்தவள், கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டாள் என்று அவள் குடும்பத்தார் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். உலகத்தின் மிகச் சிறந்த இரங்கல் கடிதம் என்று பெயர் வாங்கிய ஒன்றை, அது யாருக்குப் போனதோ அவள் வைத்துக்கொள்ளவில்லை. இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். ‘அப்படியா’ என்றுவிட்டு பில் போட்டார்.

என் மேசையிலிருந்தும் அப்படி ஒரு கடிதம் போனது. எந்த ஊர், எந்த ஆண்டு என்பது வேண்டாம். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் பட்டாளத்தில் இருந்தார்கள். எல்லையில் இறந்தவன் இளையவன். நான் கோப்பைப் பார்த்து எழுதியபோது மூத்தவன் பெயரை எழுதிவிட்டேன். தட்டச்சர் அடித்தார், அதிகாரி ஒப்பமிட்டார், அனுப்புகை எண் விழுந்தது, போய்விட்டது.

பத்து நாள் கழித்து அப்பா வந்தார். சத்தம் எதுவும் போடவில்லை. வராண்டாவில், சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு எதிரே, கடிதத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்திருந்தார். முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் காவலாளி வந்து சொன்னார். அதிகாரி ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, மாவட்டத் தலைநகரில் கூட்டம் இருப்பதாகச் சொல்லி, ரெக்கார்டு அறைப் பக்கத்துக் கதவு வழியாக ஜீப்புக்குப் போனார். போகும்போது என்னிடம், ‘அம்மா, நீங்கள் கொஞ்சம் பேசி அனுப்பிவிடுங்கள்’ என்றார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன், திருத்திய கடிதம் நாளைக்கே தருகிறேன் என்றேன். அவர் சொன்னார்: ‘திருத்த வேண்டாம் அம்மா. மூத்தவன் செத்துவிட்டான் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். செத்தவனுக்கு அங்கே என்ன வேலை? அவனைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.’

எனக்கு வாயடைத்துப் போனது. பிறகு அவர் கடிதத்தின் அடியில் இருந்த ஒப்பத்தின்மேல் விரலை வைத்து, ‘இவர் இதைப் படித்தாரா?’ என்று கேட்டார்.

ஆம் என்றால் பொய். இல்லை என்றால் அது அதைவிட மோசம். தேநீர் சொல்லட்டுமா என்று கேட்டேன். மூன்றாம் நாளும் வந்தார். நான்காம் நாள் வரவில்லை.

இந்தக் கதையை மருமகனிடம் காரில் சொல்லிக்கொண்டிருந்தேன். படம் பின்சீட்டில், என் சால்வைக்குள். அவர், ‘அத்தை, முன்னாள் ஜனாதிபதி புஷ்ஷின் பண்ணை இருக்கும் கிராஃபர்டு இங்கிருந்து அரை மணி நேரம்தான், போகலாமா?’ என்றார். போனோம். சில நூறு பேர் வாழும் சின்ன ஊர். அங்கிருந்து பிரேரி சேப்பல் சாலையில் திரும்பினால் இருபக்கமும் கம்பி வேலி, காய்ந்த புல், தூரத்தில் மாடுகள். சாலையோரத்தில் மழைநீர் ஓடப் பள்ளம். அந்தப் பள்ளம்தான் எனக்கு வேண்டியிருந்தது. 2005இல் சிண்டி ஷீஹன் என்ற தாய் அங்கே உட்கார்ந்திருந்ததைக் காட்டிப் பத்திரிகையில் வந்த படத்தைக் கத்தரித்து மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்திருந்தேன்.

சிண்டி ஷீஹன் கலிபோர்னியாவின் வேகவில் ஊர்க்காரர். மகன் கேசி, ராணுவ வண்டிகளைப் பழுதுபார்ப்பவன். 24 வயது. இராக் போரில், 2004 ஏப்ரல் 4 அன்று பாக்தாதின் சத்ர் சிட்டியில், மாட்டிக்கொண்ட சக வீரர்களை மீட்கப் போனபோது கொல்லப்பட்டான். அந்த ஜூனில் ஃபோர்ட் லூயிஸ் படைத்தளத்தில் குடும்பங்களை ஜனாதிபதி சந்தித்தபோது ஷீஹனும் இருந்தார். அப்போது அவர், ‘மனிதர் உண்மையாகத்தான் வருந்துகிறார்’ என்று உள்ளூர்ப் பத்திரிகையிடம் சொன்னார். பிறகு நினைத்துப் பார்த்தபோது, புஷ் தன் மகனின் பெயரைக்கூடத் தெரிந்துவைத்திருக்கவில்லை, தன்னை ‘அம்மா’ என்றே அழைத்தார் என்று சொன்னார். இதை வைத்து அவரைப் பொய்யர் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துக்கம் வந்த புதிதில் யார் கையைப் பிடித்தாலும் கதகதப்பாகத்தான் இருக்கும். கோபம் அடுத்த வருடம்தான் வரும். என் மேசைக்கு வந்த குடும்பங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

2005 ஆகஸ்ட் 6 அன்று ஷீஹன் கிராஃபர்டுக்கு வந்தார். ஜனாதிபதி ஐந்து வார விடுமுறையில் பண்ணையில் இருந்தார். என் மகன் எந்த உன்னத நோக்கத்துக்காக இறந்தான், அதை அவர் வாயால் சொல்லட்டும் என்பதுதான் கேள்வி. காவல்துறை வழியில் நிறுத்தியது. பள்ளத்தில் கூடாரம் போட்டார்கள். மகன் பெயரை அதற்கு வைத்தார்கள். அன்று மாலையே பண்ணையிலிருந்து இரண்டு பேர் வந்து முக்கால் மணி நேரம் பேசினார்கள்: தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஸ்டீபன் ஹேட்லி, வெள்ளை மாளிகைத் துணைத் தலைமை அதிகாரி ஜோ ஹேகின். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஹேட்லி மீதுதான் இரக்கம் வந்தது. எங்கள் வராண்டாவில் நான் பார்த்த வேலையை அவர் டெக்சாஸ் வெயிலில் பார்த்திருக்கிறார். மனுநீதிச் சோழன் கதையிலும் எனக்கு எப்போதும் நினைவில் நிற்பவர் அந்த மந்திரிதான். ராஜா இளவரசன்மேல் தேரை ஏற்று என்று அவரிடம் சொல்கிறார், அவர் ஏற்ற முடியாமல் தன் உயிரை விட்டுவிடுகிறார். பிறகுதான் ராஜா தானே தேரில் ஏறுகிறார். நடுவில் நிற்பவனால் அந்தக் கணக்கை முடிக்க முடியாது. ஆனால் முதலில் அனுப்பப்படுகிறவன் எப்போதும் அவன்தான்.

ஆகஸ்ட் 11 அன்று புஷ் பத்திரிகையாளர்களிடம் பேசினார். ஷீஹன் மீது எனக்கு அனுதாபம் இருக்கிறது, நினைப்பதைச் சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு, அவர் சொல்வதை ஆழ்ந்து யோசித்தேன், ஆனால் இராக்கிலிருந்து உடனே வெளியேறுவது தவறு என்றார். வரைவாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத பதில். கண்ணியம் இருக்கிறது, நிலைப்பாடு இருக்கிறது. மறுநாள் அதே சாலையில், அதே பள்ளத்தைக் கடந்து, பக்கத்துப் பண்ணையில் கட்சிக்கு நிதி திரட்டும் விருந்துக்கு அவருடைய கார்கள் போயின. நன்கொடையாளருக்கு நேரம் இருக்கிறது, எனக்கு ஏன் இல்லை என்று எழுதிய அட்டையோடு ஷீஹன் ஓரத்தில் நின்றார். அதற்கடுத்த நாள் சைக்கிள் சவாரிக்குப் போன புஷ், துயரத்தில் இருப்பவர்களிடம் கரிசனம் வேண்டும்தான், ஆனால் என் வாழ்க்கையையும் நான் சமநிலையோடு நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியம் 11ஆம் தேதி வரைவு முழுவதையும் தின்றுவிட்டது. எந்த எழுத்தரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்: அய்யா, பிள்ளையைப் பறிகொடுத்தவள் வாசலில் இருக்கும்போது ‘என் வாழ்க்கை’ என்ற சொல்லை எடுக்காதீர்கள்.

புஷ் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்களைத் தனியறைகளில் சந்தித்தவர். ஒரு தாய் தன்னைப் பயங்கரவாதி என்று முகத்துக்கு நேரே சொன்னதைப் பிறகு அவரே எழுதியிருக்கிறார். ஷீஹனை ஏற்கெனவே ஒருமுறை பார்த்தாயிற்று. இன்னொரு முறை பார்த்தால் நாளைக்குப் பள்ளத்தில் நூறு கூடாரம் வரும். போரை ஆதரித்த பெற்றோரும் கிராஃபர்டுக்கு வந்தார்கள். பள்ளத்தோரம் நட்ட சிலுவைகளிலிருந்து தன் மகன் பெயர் இருந்த சிலுவையைப் பிடுங்கிக்கொண்டு எதிராகத் தனிக் கூடாரம் போட்ட தகப்பனும் உண்டு. அவர் துக்கம் மட்டும் குறைந்ததா? இவையெல்லாம் கோப்பில் குறிப்பாக எழுதினால் மேலே போய் ஒப்புதலாகிவிடும் காரணங்கள். நானே எழுதியிருப்பேன்.

ஆனாலும் புஷ் போயிருக்க வேண்டும். நான் இதில் மாறுவதாக இல்லை. அவருடைய பதில் சரியா தவறா என்பது வேறு விஷயம். அந்த அம்மாள் கேட்டதற்கு ஹேட்லியால் விளக்கம் தர முடியும், பதில் தர முடியாது. ஒப்பமிட்டவர் வந்து, இதை நான் படித்தேன், போர் சரி என்று இன்னமும் நம்புகிறேன், உங்களுக்கு அது ஆறுதல் தராது என்றும் தெரியும் என்று சொல்லி, வசவு வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். கேமரா இல்லாமல், அறிவிப்பு இல்லாமல், பள்ளத்தில் ஒரு மடக்கு நாற்காலியில். எதிர்க் கூடாரத்துத் தகப்பனிடமும் அப்படியே. முன்கதவு வழியாக வர வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக ஆகஸ்ட் 24 அன்று ஐடஹோ மாநிலத்தில் பேசியபோது, கணவரையும் ஐந்து மகன்களையும் இராக் பணிக்கு அனுப்பிய ஒரு தாயைப் பாராட்டினார். ஒரு தாய்க்கு இன்னொரு தாயைப் பதிலாகக் காட்டுவது அதிகாரிகள் செய்யும் மிகப் பழைய தந்திரம்.

போவது மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1970 மே மாதம் கென்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட சில நாள் கழித்து, விடியற்காலை இருட்டில் அப்போதைய ஜனாதிபதி நிக்சன் தன் பணியாளரை அழைத்துக்கொண்டு லிங்கன் நினைவிடத்துக்குப் போய், வியட்நாம் போரை எதிர்த்து வந்திருந்த மாணவர்களிடம் பேசினார். அந்த வரைக்கும் பாராட்டலாம். ஆனால் பேச்சு அமெரிக்கக் கால்பந்தைப் பற்றியும் அலைச்சறுக்கைப் பற்றியும் போனதாக அங்கிருந்த மாணவர்கள் சொன்னார்கள். என் ‘தேநீர் சொல்லட்டுமா’தான் அது.

ஆகஸ்ட் கடைசியில் கத்ரினா புயல் வந்தது, விடுமுறை முடிந்தது, கூடாரமும் கலைந்தது. ஷீஹன் அடுத்த ஜனவரியில் நாடாளுமன்றத்தில் ‘2245 பேர் மாண்டார்கள், இன்னும் எத்தனை’ என்று எழுதிய சட்டையோடு உட்கார்ந்து கைதானார். காவல்துறை பிறகு மன்னிப்புக் கேட்டது. 2009இல் ஒபாமா விடுமுறைக்குப் போன தீவுக்கும் போய்ப் போரை எதிர்த்துப் போராடினார். கட்சி பார்த்துத் துக்கப்படவில்லை என்பதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

2011 செப்டம்பர் 11 அன்று, நியூயார்க் கோபுரங்கள் இருந்த இடத்தில், பத்தாம் ஆண்டு நினைவில் புஷ் எழுந்து நின்று ஒரு கடிதத்தைப் படித்தார். முன்னுரையாக ஓரிரு வரி தவிர வேறெதுவும் பேசவில்லை. அவர் படித்தது இந்தப் பிக்ஸ்பி கடிதம்தான். நன்றாகவே படித்தார். ‘என் சொல் வலுவற்றது’ என்ற வரி வந்தபோது, மகள் வீட்டுக் கணினியில் அந்தக் காட்சியை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

பொருளுக்குத் திரும்புகிறேன். சென்னை வந்து பெட்டியைத் திறந்தபோது கொக்கி கழன்று கையோடு வந்தது. சட்டத்தின் ஒரு மூலை திறந்துகொண்டது. ஆணிக்குப் பதில் வெறும் பசை. பின்புற அட்டை ஈரம் பட்டால் உப்பும் ரகம். தெருமுனையில் படங்களுக்குச் சட்டம் போடும் தம்பியிடம் கொடுத்தேன். தேக்குச் சட்டம், புதுக் கண்ணாடி, கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய் வாங்கினார். வேலை சுத்தம். கடிதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘யாருடைய சர்ட்டிபிகேட் அம்மா இது?’ என்றார். ஒரு வேலைக்காரர் எழுதியது, அவருடைய முதலாளி கையெழுத்துப் போட்டது என்றேன். ‘எல்லா இடமும் அப்படித்தானே’ என்று சிரித்துவிட்டு ஆணி அடிக்கப் போனார்.

கூடத்தில் மாட்டவில்லை. எழுதும் மேசைக்கு எதிரே, கண் உயரத்தில் மாட்டியிருக்கிறேன். அச்சு தெளிவாக இருக்கிறது, மங்கவில்லை. தாளுக்கு ஐந்தில் நான்கு தருவேன், சட்டத்துக்கு ஒன்று. வாங்குகிறவர்கள் சட்டம் வேண்டாம், தாளை மட்டும் சுருட்டிக் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். பத்து டாலராவது குறையும், கைப்பையிலும் அடங்கும்.